சுவருக்குள் போகும் வயர்

(நூலக வாசகர் வட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வீடு கட்டுகிறவர்கள் தரைக்கு டைல்ஸ் எடுக்க நாலு கடை ஏறி இறங்குகிறோம். வாசல் கதவு தேக்கா வேங்கையா என்று குடும்பமே கூடிப் பேசுகிறது. வயர் என்று வரும்போது மட்டும் எலக்ட்ரீஷியன் ஒரு துண்டுச் சீட்டில் எழுதித் தருகிறார். ஒரு எம்எம் இத்தனை காயில், ஒன்றரை எம்எம் இத்தனை, ரெண்டரை இத்தனை. அதை அப்படியே கடையில் நீட்டிவிட்டு வந்துவிடுகிறோம். டைல்ஸ் பிடிக்கவில்லை என்றால் பின்னால் மாற்றிக்கொள்ளலாம். பூச்சுக்குள் போன வயரை அவ்வளவு எளிதில் யாரும் மாற்றுவதில்லை. பேரப்பிள்ளைகள் காலத்திலும் அதே வயர்தான் ஓடிக்கொண்டிருக்கும். ஆகவே அந்தத் துண்டுச் சீட்டை எப்படிப் படிப்பது என்பதுதான் இன்றைய பேச்சு. அதற்கு நான்கு கேள்விகள் போதும்: எவ்வளவு லோடு? என்ன எம்சிபி? எவ்வளவு தூரம்? எந்த இடத்தின் வழியாகப் போகிறது?

கேள்விகளுக்குப் போகுமுன் நம் ஊர்க் கதையைக் கொஞ்சம் பார்த்துவிடுவோம். ஒரு காலத்தில் குடிசைகளுக்குக் கொடுத்த இணைப்பு ஒற்றை விளக்குக்கானது. 40 வாட் குண்டு பல்பு. நம் மின்னழுத்தம் 230 வோல்ட். நாற்பதை 230ஆல் வகுத்தால் 0.17 ஆம்பியர் வரும். அவ்வளவு சிறிய ஓட்டத்தை எந்த வயரும் தாங்கும். 2006இல் தமிழ்நாட்டில் வந்த ஆட்சி வீடுகளுக்கு வண்ணத் தொலைக்காட்சி கொடுத்தது. 2011இல் வந்த ஆட்சி மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி கொடுத்தது. அதன் பிறகு நாமே கடனிலும் தவணையிலும் பிரிட்ஜ், வாஷிங் மெஷின், கீசர், இன்டக்ஷன் அடுப்பு, ஏசி என்று வாங்கிச் சேர்த்தோம். வீட்டுக்குள் சாமான்கள் பெருகின. சுவருக்குள் வயர் மட்டும் முதல் நாள் போட்டபடியே இருக்கிறது.

இருந்தால் என்ன? வயர் சூடாகும். மின்சாரம் ஓடும் கம்பியில் எவ்வளவு வெப்பம் பிறக்கும் என்பதை அளந்து சொன்னவர் ஜேம்ஸ் பிரெஸ்காட் ஜூல். மான்செஸ்டர் பக்கத்தில் பீர் காய்ச்சும் தொழில் செய்த குடும்பத்துப் பிள்ளை. 1840களின் தொடக்கத்தில் அவர் கண்டறிந்த விதி இன்றும் எம்சிபிகள் இருக்கும் நம் வீட்டு டிபி பாக்ஸில் ஆட்சி செய்கிறது: ஆம்பியர் இரட்டித்தால் வெப்பம் இரட்டிப்பதில்லை, நான்கு மடங்காகிறது. மூன்று மடங்கு ஆம்பியருக்கு ஒன்பது மடங்கு வெப்பம். 'கொஞ்சம்தானே கூடுது' என்று நாம் நினைக்கும் கொஞ்சம், வயருக்குள் கொஞ்சமாக இருப்பதில்லை.

வயரின் மேலே உள்ள பிவிசி உறை, உள்ளே உள்ள செம்பின் சூடு 70 டிகிரி செல்சியஸ் வரை போனால் தாங்கும்படி செய்யப்பட்டது. அதைத் தாண்டினால் உடனே தீப்பிடித்துவிடாது. அதனால்தான் ஆபத்து வெளியே தெரிவதில்லை. பிவிசியை மென்மையாக வைத்திருக்கும் பொருள் சூட்டில் மெல்ல மெல்ல வெளியேறும். உறை விறைக்கும், நிறம் மங்கும், வளைத்தால் வெடிக்கும். பல கோடைகள் இப்படிக் கழிந்த பிறகு ஒருநாள் பேஸும் நியூட்ரலும் ஒன்றையொன்று தொடும். அன்றைக்கு 'ஷார்ட் சர்க்யூட்' என்று எழுதிவிடுவார்கள். வயரின் அளவு தப்பிப் போனது அதற்குப் பல வருடம் முன்பே நடந்திருக்கும்.

முதல் கேள்வி, லோடு. எந்தச் சாமானின் பின்பக்கத்திலும் வாட் எழுதியிருக்கும். 230ஆல் வகுத்தால் தோராயமான ஆம்பியர் கிடைத்துவிடும். 1000 வாட் இஸ்திரிப் பெட்டிக்கு 4.3. இரண்டாயிரம் வாட் கீசருக்கும் இன்டக்ஷன் அடுப்புக்கும் 8.7. மூவாயிரம் வாட் கீசருக்கு 13. ஒன்றரை டன் ஏசி ஓடும்போது ஏழு, எட்டு ஆம்பியர். மிக்ஸி மூன்று ஆம்பியரைத் தாண்டும், ஆனால் சட்னி அரைக்கும் நேரம்தான். ஏசி இரவு முழுவதும் ஓடும். வயருக்கு இந்த வித்தியாசம் பெரிது. சில நிமிடம் வந்துபோகும் சூட்டை அது ஆற்றிக்கொள்ளும். எட்டு மணி நேரச் சூட்டை ஆற்ற அதற்கு இடைவெளி கிடைப்பதில்லை.

விளக்கும் விசிறியும் இன்று ஒரு பொருட்டே இல்லை. ஒன்பது வாட் எல்இடி பத்தும், 75 வாட் விசிறி நான்கும் ஒன்றாக ஓடினாலும் இரண்டு ஆம்பியர்கூட ஆகாது. நம் நாட்டு வயரிங் நெறிமுறையில் நெடுங்காலமாக ஒரு கணக்கு உண்டு: ஒரு லைட் சர்க்யூட்டில் பத்து பாயின்டுக்கு மேல் வேண்டாம், 800 வாட்டுக்கு மேல் வேண்டாம். இதற்கு ஒரு எம்எம் வயரே போதும் என்று வயர்மேன் சொன்னால் கணக்குப்படி அவர் சொல்வது சரி. சிக்கல் அந்த ஸ்விட்ச் போர்டில் இருக்கும் 6 ஆம்பியர் பிளக்கில் இருக்கிறது. இன்று போன் சார்ஜர் சொருகும் அதே இடத்தில் நாளைக்கு இஸ்திரிப் பெட்டி வரும். மறுநாள் ஒரு கன்வர்ஷன் பிளக் வாங்கி இன்டக்ஷன் அடுப்பையும் அங்கேயே சொருகுவார்கள். மனிதர்கள் செய்யப்போவதையும் சேர்த்துத்தான் கணக்குப் போட வேண்டும். அதனால் பிளக் உள்ள லைட் சர்க்யூட்டுக்கு டிபியிலிருந்து போர்டு வரை ஒன்றரை எம்எம் ஓட்டுவது நல்லது. போர்டிலிருந்து பல்புக்குப் போவது ஒரு எம்எம் ஆக இருக்கலாம்.

இப்போது வயரின் அளவுகள். எம்எம் என்று நாம் சொல்வது வயரின் தடிமன் இல்லை. செம்பைக் குறுக்கே வெட்டினால் தெரியும் முகத்தின் பரப்பு, சதுர மில்லிமீட்டரில். மூத்த வயர்மேன்கள் இன்றும் 3/20, 7/20 என்று சொல்வார்கள். இருபதாம் கேஜ் கம்பி மூன்று, இருபதாம் கேஜ் கம்பி ஏழு என்று அர்த்தம். முதலாவது ஏறக்குறைய இரண்டு சதுர மில்லிமீட்டர், அடுத்தது நான்கரைக்குச் சற்று மேல். பழைய வீட்டை வாங்குகிறவர்கள் இதைத் தெரிந்து வைத்துக்கொள்வது உதவும்.

பைப்புக்குள் இரண்டு வயராகப் போகும்போது ஒவ்வொரு அளவும் எவ்வளவு ஆம்பியர் தாங்கும்? கம்பெனிக்குக் கம்பெனி ஓரிரண்டு மாறும். பத்திரமான பக்கம் நின்று சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள். ஒரு எம்எம் 11, ஒன்றரை 13, இரண்டரை 18, நான்கு 24, ஆறு 31. கடைக்காரர் இதைவிடப் பெரிய எண் சொன்னால், அது சுவரின் மேல் காற்றுப்படக் கிளிப் அடித்து ஓட்டும் வயருக்கான எண்ணாக இருக்கும். உங்கள் வீட்டில் வயர் பூச்சுக்குள் போகிறது என்பதை அவருக்கு நினைவுபடுத்துங்கள்.

இரண்டாவது கேள்வி எம்சிபி, அதாவது லோடு மிஞ்சினால் தானாக விழுந்து மின்சாரத்தை நிறுத்தும் சுவிட்ச். என் பேச்சில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வீர்கள் என்றால் இந்தப் பகுதியை வைத்துக்கொள்ளுங்கள். எம்சிபி ஏசியைக் காப்பாற்றவோ கீசரைக் காப்பாற்றவோ வைத்தது இல்லை. அது காப்பாற்றுவது சுவருக்குள் இருக்கும் வயரை. ஆகவே மூன்று எண்கள் ஏறுவரிசையில் நிற்க வேண்டும். சாமான் இழுக்கும் ஆம்பியர் சிறியது, அதற்கு மேலே எம்சிபியில் எழுதிய எண், எல்லாவற்றுக்கும் மேலே வயர் தாங்கும் ஆம்பியர். இந்த வரிசை குலையாத வரை வீடு பத்திரம்.

குலைவது எப்படி என்று பாருங்கள். சமையலறை பவர் பிளக்குக்கு இரண்டரை எம்எம் வயர், 16 ஆம்பியர் எம்சிபி. சரியான ஜோடி. சில வருடம் கழித்து அதே லைனில் இன்டக்ஷன் அடுப்பு, ஓவன், தண்ணீர் கொதிக்க வைக்கும் கெட்டில் எல்லாம் சேர்கின்றன. எம்சிபி அடிக்கடி விழுகிறது. எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுகிறோம். "சார், எம்சிபி வீக்கா இருக்கு, 25 போட்டுடலாம்" என்கிறார். ஐந்து நிமிட வேலை. அதன் பிறகு விழவே இல்லை. எல்லோருக்கும் திருப்தி. உண்மையில் நடந்தது என்ன? எம்சிபி தன் எண்ணில் 1.13 மடங்கு வரை ஓடினால் ஒரு மணி நேரத்துக்குள் விழக் கூடாது என்பது அதற்கான தரவிதி. 1.45 மடங்கு ஓடினால் ஒரு மணி நேரத்துக்குள் விழுந்தாக வேண்டும். 25 ஆம்பியர் எம்சிபி என்றால் 28 ஆம்பியர் ஓடும்போது அது சும்மா இருக்கக் கடமைப்பட்டது. சுவருக்குள் இருப்பதோ 18 தாங்கும் வயர். இருபத்தெட்டைப் பதினெட்டால் வகுத்து, ஜூல் சொன்னபடி அதை அதாலேயே பெருக்குங்கள். வெப்பம் ஏறக்குறைய 2.4 மடங்கு. எம்சிபி விழாததால் நமக்குத் திருப்தி. வயர் வெந்துகொண்டிருப்பது நமக்குத் தெரியாது.

பழைய பீஸ் கட்டைக் காலத்திலும் இதே தவறு இருந்தது. பீஸ் போனால் மெல்லிய பீஸ் கம்பிக்குப் பதில் கையில் கிடைத்த செம்புக் கம்பியை இரண்டு மூன்று இழையாக முறுக்கிக் கட்டினோம். கருவி மாறியிருக்கிறது, பழக்கம் மாறவில்லை.

ஜோடிகளைச் சொல்லிவிடுகிறேன். ஒன்றரை வயருக்கு 10 ஆம்பியர் எம்சிபி. இரண்டரைக்கு 16. நான்குக்கு 20. ஆறுக்கு 25. ஒவ்வொன்றையும் 1.13ஆல் பெருக்கிப் பாருங்கள், வயர் தாங்கும் எண்ணுக்குள்ளேயே அடங்கும், இரண்டரையில் மட்டும் அந்த எண்ணைத் தொட்டு நிற்கும். ஒரு எம்எம் வயருக்கு 6. போர்டிலிருந்து பல்புக்கு மட்டும் போகும் ஒரு எம்எம், 10 ஆம்பியர் எம்சிபிக்குக் கீழே இருந்தாலும் பெருக்கல் 11.3 என்று எல்லையை ஒட்டித்தான் நிற்கும், தொங்குகிற பல்போ அரை ஆம்பியர்கூட இழுக்காது. இன்னொரு சந்தேகம் பலருக்கு வரும்: "எங்க வீட்டுல ஆர்சிசிபி இருக்கே?" நல்லது, கட்டாயம் இருக்க வேண்டும். 30 மில்லி ஆம்பியர் கசிந்தால் விழுந்து உயிரைக் காப்பாற்றும் கருவி அது. ஆனால் அது கசிவை மட்டும் பார்க்கும். வயரில் லோடு கூடுவது அதன் கண்ணில் படாது.

மூன்றாவது கேள்வி தூரம். டிபியிலிருந்து பத்து மீட்டருக்குள் இருக்கும் அறைகளுக்கு இதைப் பற்றிப் பெரிதாக யோசிக்க வேண்டாம். தூரம் போகப் போக வயரே மின்னழுத்தத்தைத் தின்னும். 20 மீட்டர் தள்ளி மாடியில் ஒரு மூவாயிரம் வாட் கீசர் என்று வைத்துக்கொள்வோம். போக வர 40 மீட்டர் வயர். 13 ஆம்பியர் ஓடும்போது ஒன்றரை வயர் கிட்டத்தட்ட 7 வோல்ட்டைத் தின்று, 90 வாட் வெப்பத்தைச் சுவருக்குள் கொட்டும். இரண்டரை வயர் 4 வோல்ட், 54 வாட். நான்கு எம்எம் இரண்டரை வோல்ட், 34 வாட். ஒன்றரையில் 13 ஆம்பியர் என்பது அதன் எல்லையிலேயே நிற்பது. அதனால் கீசருக்கு நான்கு எம்எம் என்று நல்ல வயர்மேன் எழுதினால் பணம் பிடுங்குகிறார் என்று நினைக்காதீர்கள். சுவரைச் சூடாக்க நீங்கள் மின்கட்டணம் கட்ட வேண்டியதில்லை.

தூரம் உண்மையில் கழுத்தைப் பிடிப்பது போர்வெல் மோட்டாரில்தான். தோட்டத்துக் கோடியில், 60 மீட்டரில் ஒரு குதிரைத்திறன் மோட்டார். ஓடும்போது சுமார் 7 ஆம்பியர். இரண்டரை வயர் 18 தாங்குமே, போதாதா? ஓடும்போது போதும். கிளம்பும்போதுதான் போதாது. மோட்டார் கிளம்பும் அந்த நொடியில் ஐந்து மடங்கு, அதாவது 35 ஆம்பியர் இழுக்கும். போக வர 120 மீட்டர் இரண்டரை வயரில் அந்த நொடி 33 வோல்ட் காணாமல் போகும். மாலை நேரத்தில் லைனிலேயே 210தான் வருகிறது என்றால் மோட்டாருக்குப் போய்ச் சேர்வது 177. மோட்டார் கிளம்பாமல் முனகும், சுருள் சூடேறும். கடைசியில் காயில் கட்டக் கொடுத்துவிட்டு மின்வாரியத்தைத் திட்டுவோம். அதே இடத்தில் ஆறு எம்எம் வயர் போட்டிருந்தால் இழப்பு 14 வோல்ட்டோடு நிற்கும். வயருக்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணம் மோட்டார் கட்டும் செலவில் திரும்பி வந்துவிடும்.

நான்காவது கேள்வி, எந்த இடம். நான் சொன்ன ஆம்பியர் எண்களெல்லாம் சுற்றுச்சூழல் 40 டிகிரி என்று வைத்துப் போட்டவை. நம் ஊரில் மே மாதம் மொட்டை மாடித் தளத்துக்குள், கான்கிரீட்டின் நடுவே போகும் பைப்பில் 50 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். உறை தாங்குவது 70. நாற்பதிலிருந்து எழுபதுக்கு 30 டிகிரி இடம் இருந்தது, இப்போது 20தான் இருக்கிறது. இந்தக் கணக்கில் வயரின் திறன் 0.82 மடங்காகக் குறையும். இரண்டரை வயர் 18லிருந்து 15க்கும் கீழே இறங்கிவிடும். 16 ஆம்பியர் எம்சிபி வைத்தால் நான் சொன்ன ஏறுவரிசை குலைந்துவிட்டது. ஆகவே மேல்மாடி அறையின் ஏசி லைன் தளத்துக்குள் போகிறது என்றால் நான்கு எம்எம் வயர் போட்டு, எம்சிபியை 16லேயே நிறுத்துங்கள். முடிந்தால் லைனைத் தளத்தில் ஏற்றாமல் சுவர் வழியாகவே கொண்டுபோகச் சொல்லுங்கள்.

ஒரே பைப்பில் பத்துப் பன்னிரண்டு வயரைத் திணிப்பதும் இதே விளைவைத்தான் தரும். ஒன்றின் சூட்டை மற்றது வாங்கிக்கொள்ளும். ஏசிக்கும் கீசருக்கும் தனித்தனிப் பைப் கேளுங்கள். பைப்பின் விலை வயரின் விலையில் கால்வாசிகூட வராது.

நியூட்ரலைப் பற்றி ஒரு வார்த்தை. வயர் மிச்சம் பிடிக்க இரண்டு சர்க்யூட்டுக்கும் ஒரே நியூட்ரலைப் பொதுவாக விடுவது சில இடங்களில் நடக்கிறது. இரண்டும் ஒரே பேஸில் இருந்தால் இரண்டு லைனின் ஆம்பியரும் அந்த ஒற்றை நியூட்ரலில் கூடும். 16ம் 16ம் 32. எம்சிபி இருப்பது பேஸில்தான், நியூட்ரலை யாரும் காவல் காப்பதில்லை. இரண்டு சர்க்யூட்டும் வேறு வேறு பேஸில் இருந்து அந்த நியூட்ரல் எங்காவது விட்டுப்போனால் வேறு ஆபத்து: 230 வோல்ட் சாமான்கள் மேல் 400 வோல்ட் பங்கிட்டு ஏறும். டிவியும் பிரிட்ஜும் ஒரே நொடியில் போய்விடும். ஒவ்வொரு சர்க்யூட்டுக்கும் தனி நியூட்ரல், பேஸ் வயர் என்ன அளவோ அதே அளவில். வீட்டு வயரிங்கில் எர்த் வயரும் அதே அளவு இருக்கட்டும்.

கடைக்குப் போகும்போது கவனிக்க வேண்டியவை. வயரின் உறைமீது ஐஎஸ் 694 என்ற எண்ணும் ஐஎஸ்ஐ முத்திரையும் இருக்க வேண்டும். 2003ஆம் ஆண்டு மத்திய அரசு ஆணைப்படி வீட்டு வயருக்கு இந்த முத்திரை கட்டாயம். எஃப்ஆர், எஃப்ஆர்எல்எஸ் என்று எழுதியிருப்பது தீ பரவாமலும் புகை குறைவாகவும் இருக்கச் செய்யும் உறையின் குணம். அதனால் வயர் கூடுதல் ஆம்பியர் தாங்காது. வயரில் உண்மையாகவே சொன்ன அளவு செம்பு இருக்கிறதா? எளிய கணக்கு உண்டு. 90 மீட்டர் இரண்டரை எம்எம் காயிலில் செம்பு மட்டும் ஏறக்குறைய இரண்டு கிலோ இருக்க வேண்டும். ஒன்றரையில் ஒன்றேகால் கிலோவுக்குச் சற்றுக் குறைவு. உறையோடு சேர்த்தே காயில் இந்த எடைக்கு வரவில்லை என்றால் வாங்காதீர்கள்.

பழைய வீடுகளில் அலுமினிய வயர் இருக்கலாம். செம்பு கடத்துவதில் ஏறக்குறைய அறுபது சதவீதம்தான் அலுமினியம் கடத்தும். செம்பு வயருக்கான எண்களை அதற்குப் போட்டுவிடாதீர்கள். செம்பும் அலுமினியமும் சேரும் ஜாயின்டுகள் நாளடைவில் தளர்ந்து சூடேறும். அப்படிப்பட்ட வீட்டில் ஏசி வைக்குமுன் புது லைன் இழுத்துவிடுங்கள்.

அப்படியானால் எல்லா இடத்திலும் நான்கு எம்எம் போட்டுவிடலாமா என்று ஒரு நண்பர் கேட்கக்கூடும். வேண்டாம். 6 ஆம்பியர் ஸ்விட்சின் திருகு ஓட்டைக்குள் நான்கு எம்எம் வயர் ஒழுங்காக நுழையாது. நுழைக்க முடியாத வயர்மேன் என்ன செய்வார்? கட்டரை எடுத்துச் சில இழைகளை வெட்டிவிட்டு மீதியைச் சொருகுவார். அந்த நுனியில் உங்கள் நான்கு எம்எம் ஒன்றரை எம்எம் ஆகிவிட்டது, நிறைய இழைகள் திருகில் பிடிபடாமல் நிற்கின்றன. வயர் முழுதும் சரியாக இருந்தும் தளர்ந்த ஒரு நுனியில் தீப்பிடிப்பதையே அதிகம் பார்க்கிறோம். தேவைக்கு ஏற்ற அளவு, இறுக்கமான திருகு, பைப்புக்குள் ஜாயின்ட் இல்லாத முழு நீள வயர். இதைக் கேட்டு வாங்குங்கள்.

கடைசியாக என் வேண்டுகோள். வேலையை மின் உரிமம் வழங்கும் வாரியத்தின் தகுதிச் சான்று உள்ளவரிடம் கொடுங்கள். பூச்சு பூசுமுன் ஒவ்வொரு சுவரையும் போனில் படம் எடுத்து வையுங்கள். டிபி பாக்ஸ் கதவின் உட்பக்கம் ஒரு தாள் ஒட்டுங்கள்: எந்த எம்சிபி எந்த அறைக்கு, அதில் என்ன அளவு வயர். அந்த ஒற்றைத் தாள், பின்னால் வருகிற எந்த எலக்ட்ரீஷியனும் தவறு செய்யாமல் தடுக்கும். எம்சிபி அடிக்கடி விழுந்தால் லோடைக் குறையுங்கள், அல்லது புது லைன் இழுங்கள். பெரிய எம்சிபி போட மட்டும் யார் சொன்னாலும் சம்மதிக்காதீர்கள். அந்த எண்ணை மாற்ற வேண்டுமென்றால் முதலில் சுவருக்குள் இருக்கும் வயரை மாற்ற வேண்டும்.